அப்பன் என்ன வேலை?

என் தாத்தா பட்டாளத்துக்குப் போன கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் சிரிப்பார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எங்கள் சேரியிலிருந்து நான்கு பேர் ராத்திரியோடு ராத்திரியாக நடந்திருக்கிறார்கள். பண்ணைக்காரனுக்குத் தெரிந்தால் விடமாட்டான். தாத்தா மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை. வரிசையில் நிற்க வைத்து எடை பார்த்தார்கள், மார்பை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள். கடைசியாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமலே கேட்டானாம்: "அப்பன் என்ன வேலை?"

"எனக்கு இன்னா வேல தெரியும்னு கேக்கல. இன்னா வேல கத்துக்கிறேன்னும் கேக்கல. அப்பன் இன்னா வேலன்னுதான் கேட்டான். பண்ணையில வேல, ஊர்ல மாடு செத்தா தூக்குறதுன்னு சொன்னேன். எழுதிக்கினான். அவ்ளோதான், பரிட்சை முடிஞ்சிபோச்சு" என்பார். அங்கேதான் சிரிப்பார். போர் முடிந்து ஊர் திரும்பும்வரை பட்டாளத்தில் அவர் பார்த்தது கக்கூஸ் வேலை. ஊரில் செய்யாத வேலையை அங்கே போய்ச் செய்தார். லாரியில் ஏறினார், ஆனால் பின்பக்கம்தான்.

இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் சேரியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வருகிற ஒரு பையன், அக்னிவீர் விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்க வந்தான். பத்தாம் வகுப்பு முடித்தவன். எந்தப் பிரிவுக்குப் போடுவது என்பதில் வீட்டில் சண்டை. "டிரேட்ஸ்மேன்ல எட்டாவது போதும்னு போட்டிருக்கு, அதுக்குப் போடு, போட்டி கம்மியா இருக்கும்" என்கிறாள் அம்மா. எட்டாவது போதும் என்று போட்டிருக்கும் வேலைகள் இரண்டு: ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர். பையன் என்னிடம் சொன்னான்: "பரிட்சை வெக்கிறாங்கண்ணே. கம்ப்யூட்டர்ல. அதுக்கு நம்ம சாதி தெரியாது இல்ல?"

அந்தக் கேள்விக்கு உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு சிப்பாய் எந்த வேலைக்குத் தகுந்தவன் என்பதைப் பரிட்சை வைத்து முடிவு செய்யலாமா? கேட்பதற்கு இது ராணுவ நிர்வாகத்தின் கேள்வி. ஆனால் எவனுக்கு எந்த வேலை என்று இன்னொருவன் முடிவு செய்வதற்கு நம்மிடத்தில் வேறு பெயர் இருக்கிறது. அதனால் இதை நம் பக்கத்திலிருந்து யோசித்தாக வேண்டும்.

பட்டாளமே ஆளும் வர்க்கத்தின் கைத்தடிதானே, அதில் எந்த வேலை கிடைத்தால் நமக்கென்ன என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. மீதிப் பாதியில் என் தாத்தா நிற்கிறார்.

*

ஆங்கிலேயக் கம்பெனியின் படைகளில் நம் ஆட்கள் நிறைய இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள், மதராஸ் படையில் பறையர்கள். கம்பெனி சாதி ஒழிக்க வந்ததல்ல, ஆள் பிடிக்க வந்தது. கிடைத்தவனை எடுத்துத் துப்பாக்கி கொடுத்தது. 1818இல் கோரேகானில் சண்டை போட்டவர்களில் மகர்கள் இருந்தார்கள் என்பதற்கு அங்கே நிற்கும் தூணே சாட்சி.

1857க்குப் பிறகு காற்று மாறியது. எந்த இனம் சண்டைக்குப் பிறந்தது, எது பிறக்கவில்லை என்று வெள்ளை அதிகாரிகள் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். இதற்குத்தான் 'போர்க்குடி'க் கொள்கை என்று பெயர். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தளபதியாகவும், பிறகு 1893 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ் இதை முன்னின்று நடத்தினார். தெற்கத்தி ஆட்களுக்கு வீரம் வற்றிவிட்டது, வடமேற்கிலிருந்து ஆள் எடுங்கள் என்பது அவர் கட்சி. 1857இல் மதராஸ் படையில் 52 காலாட்படை ரெஜிமெண்டுகள் இருந்தன. 1928 முடிவதற்குள் மதராஸ் ஆட்களைக் கொண்ட காலாட்படையே இல்லாமல் போனது. 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. ஓய்வு பெற்ற ராணுவத்தானான கோபால் பாபா வலங்கர் 1894இல் இதை எதிர்த்து மனு தயாரித்தார். 1910இல் சிவராம் ஜான்பா காம்ளே தலைமையில் மகர்கள் லண்டனுக்கே மனு அனுப்பினார்கள். கதவு திறக்கவில்லை.

வேலை போனது மட்டுமல்ல இதன் பொருள். பட்டாளத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. சிப்பாயும் சிப்பாயின் பிள்ளையும் அங்கே எழுத்துக் கற்றார்கள். அம்பேத்கரின் தகப்பனார் ராம்ஜி சக்பால் சுபேதார், ராணுவப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். 1891இல் அம்பேத்கர் பிறந்ததே மாவ் என்ற ராணுவ ஊரில்தான். கதவு பத்து இருபது வருஷம் முன்னாலேயே சாத்தப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ராபர்ட்ஸ் எவனுக்கும் பரிட்சை வைக்கவில்லை. பார்த்தே சொல்லிவிட்டார். முகம், உயரம், சாதி, ஊர் இவைதான் வினாத்தாள். "அப்பன் என்ன வேலை" என்பதைத்தான் அவர் ஒரு முழு ஜனத்தையும் பார்த்துக் கேட்டார்.

சண்டைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட சாதிகளிடம் பட்டாளம் வேலை வாங்காமல் விட்டதா என்றால் அதுவும் இல்லை. 'ஃபாலோயர்' என்று ஒரு வகுப்பு இருந்தது. படையின் பின்னால் போகிறவன். தண்ணீர் சுமக்கும் பிஸ்தி, துணி வெளுக்கும் தோபி, செருப்புத் தைக்கும் மோச்சி, மலம் அள்ளும் மேத்தர். குண்டு இவர்கள் மேலும்தான் விழும். ஆனால் இவர்கள் சிப்பாய் இல்லை. சம்பளம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. ஊரில் எந்தச் சாதி எந்த வேலை செய்ததோ, அதே சாதி அதே வேலை. மனு எழுதிவைத்ததைத்தான் வெள்ளைக்காரன் படிவமாக அச்சடித்தான்.

பிறகு 1914இல் போர் வந்தது. ஆள் பற்றவில்லை. 1917இல் 111ஆம் மகர் படை என்று ஒன்றைக் கிளப்பினார்கள். போர் முடிந்தது, 1921இல் கலைத்தார்கள். மறுபடி போர் வந்தது, 1941இல் பெல்காமில் மகர் ரெஜிமெண்ட் பிறந்தது. 1942இல் மதராஸ் ரெஜிமெண்டும் உயிர்த்தெழுந்தது. 1943இல் சமார் ரெஜிமெண்ட் வந்தது, 1946இல் அதையும் கலைத்தார்கள். போர் வந்தால் நமக்கு வீரம் ஊறிவிடும், போர் முடிந்தால் வற்றிவிடும் போலிருக்கிறது. இப்படி ஏறி இறங்குவது நம் ரத்தத்தில் இருக்கும் வீரமா, ஆள் எடுக்கிறவனின் தேவையா?

இந்த இருட்டில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. பெங்களூரில் இருந்த மதராஸ் சாப்பர்ஸ் படை. பாலம் கட்ட, ரோடு போட, சுரங்கம் தோண்டத் தெரிந்த படை. 1780இல் உண்டான பயனியர் கம்பெனிகளிலிருந்து வளர்ந்தது. தென்னாட்டு வீரம் வற்றியது என்று சொன்னவர்களாலும் இதைக் கலைக்க முடியவில்லை. இதில் பறையர்களும் கிறிஸ்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். சாப்பருக்குக் கைத்தொழில் தெரிய வேண்டும், தெரியாதவனுக்கு அங்கேயே கற்றுக்கொடுத்தார்கள். தச்சு, கொல்லு, கல்வேலை. ஊரில் தச்சன் உளியை ஒரு சேரிப் பையன் தொட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே அதே பையன் உளியைப் பிடித்துப் பாலம் கட்டினான். அவனுக்குத் 'தகுதி' எங்கிருந்து வந்தது? ரத்தத்திலிருந்தா? கற்றுக்கொடுத்ததால் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருவேன்.

*

இனி அமெரிக்காவுக்குப் போக வேண்டும். சிப்பாய்களுக்கு லட்சக்கணக்கில் காகிதப் பரிட்சை முதன்முதலாக அங்கேதான் நடந்தது. அதில் அடிபட்டவர்கள் கறுப்பர்கள். 1972இல் மராத்திய இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்குத் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தபோது யாரைப் பார்த்து வைத்தார்களோ, அவர்களுடைய முன்னோர்களின் கதை இது.

1917இல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. அப்போது அந்நாட்டு உளவியலாளர் சங்கத்தின் தலைவராக இருந்தவர் ராபர்ட் யெர்க்ஸ். மனிதனின் அறிவை அளக்க எங்களிடம் கோல் இருக்கிறது என்று ராணுவத்திடம் போனார். இரண்டு பரிட்சைகள் தயாராயின. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவனுக்கு ஆல்ஃபா, தெரியாதவனுக்குப் படம் போட்ட பீட்டா. 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். ஆளுக்கு ஏ முதல் இ வரை ஒரு எழுத்து கிடைத்தது.

கேள்விகளைப் பாருங்கள். கடையில் விற்கும் ஒரு சமையல் கொழுப்பின் பெயரைச் சொல்லி, இது மருந்தா, பற்பசையா, தின்கிற பொருளா என்று கேட்டார்கள். ஒரு பேஸ்பால் ஆட்டக்காரன் பெயரைச் சொல்லி, இவன் எழுத்தாளனா, ஓவியனா, விளையாட்டுக்காரனா என்றார்கள். எழுத்தறியாதவனுக்கான படப் பரிட்சையில் டென்னிஸ் மைதானம் வரைந்து, இதில் எது குறைகிறது என்றார்கள். வலை குறைகிறதாம். மின்விளக்கு வரைந்து, எது குறைகிறது என்றார்கள். உள்ளே இருக்கும் கம்பி இல்லையாம்.

மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் வளர்ந்து, பென்சிலை அன்றைக்குத்தான் கையில் பிடித்த ஒரு கறுப்பு இளைஞன் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். வலை இல்லாத டென்னிஸ் மைதானத்தில் அவன் எதைக் காண்பான்? அவன் அப்பன் வீட்டில் கரண்ட் இருந்ததா, கடைக்குப் போய் வாங்கக் காசு இருந்ததா, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்கப் போனானா என்பதுதான் கேள்வி. மறுபடியும் அதே கேள்விதான்: அப்பன் என்ன வேலை? இந்தத் தடவை அதை விஞ்ஞானம் என்று சொன்னார்கள்.

முடிவு வெளிவந்தது. வெள்ளைச் சிப்பாயின் சராசரி மன வயது 13, கறுப்புச் சிப்பாயின் மன வயது 10 சொச்சம் என்றார்கள். அந்தப் போரில் ஏறத்தாழ 3,80,000 கறுப்பர்கள் ராணுவத்தில் இருந்தார்கள். ஐரோப்பாவுக்குப் போனவர்கள் சுமார் 2 லட்சம். அவர்களில் சண்டைப் பிரிவுகளில் இருந்தவர்கள் 42,000 அளவுக்குத்தான். மற்றவர்கள் கப்பலில் மூட்டை இறக்கினார்கள், ரோடு போட்டார்கள், பிணம் புதைத்தார்கள்.

இங்கே நாம் அவசரப்படக் கூடாது. பரிட்சையில் மார்க் வராததால் மூட்டை தூக்க வைத்தார்கள் என்று சொன்னால் அது வரலாற்றுப் பிழை. மூட்டை தூக்க வைப்பது என்பதைத் தளபதிகள் தோல் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்திருந்தார்கள். யெர்க்ஸின் மதிப்பெண்களை ராணுவம் பெரிதாக மதிக்கவும் இல்லை. போர் முடிந்த கையோடு திட்டத்தை மூட்டை கட்டியது. பரிட்சை செய்த வேலை வேறு. ஏற்கனவே நடந்துகொண்டிருந்த அநியாயத்துக்கு எண் கொடுத்தது. 'அவனுக்கு அவ்வளவுதான் மூளை' என்பதற்கு ஒரு அத்தாட்சிப் பத்திரம் கொடுத்தது. பரிட்சைக் குழுவில் இருந்த கார்ல் பிரிகாம் 1923இல் இந்த எண்களை வைத்துப் புத்தகம் எழுதினார். எந்த இனத்துக்கு மூளை அதிகம் என்று வரிசை போட்டார். 1930இல் அவரே, தன் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குள் அந்த எண்கள் ஊரெல்லாம் சுற்றிவிட்டன.

அதே எண்களை வைத்து மறுத்தவரும் உண்டு. ஹொராஸ் மான் பாண்ட் என்ற இளம் கறுப்பினக் கல்வியாளர் 1924இல் 'தி கிரைசிஸ்' இதழில் எழுதினார். மாநிலவாரியாகப் பிரித்துப் பார்த்தால் கதை தலைகீழாகிறது. தெற்கு மாநிலங்களின் வெள்ளையர்கள் வாங்கிய நடு மதிப்பெண்: மிசிசிப்பி 41.25, கென்டக்கி 41.50, ஆர்கன்சா 41.55. வடக்கு மாநிலங்களின் கறுப்பர்கள் வாங்கியது: நியூயார்க் 45.02, இல்லினாய் 47.35, ஒஹையோ 49.50. பள்ளிக்கூடத்துக்குக் காசு செலவழித்த மாநிலத்துக் கறுப்பன், செலவழிக்காத மாநிலத்து வெள்ளையனைத் தாண்டிவிட்டான். அளக்கப்பட்டது இனமல்ல, பள்ளிக்கூடம்.

இந்த எண்களை 1943இல் ரூத் பெனடிக்ட், ஜீன் வெல்ட்ஃபிஷ் என்ற இரண்டு மானுடவியலாளர்கள் ஒரு சின்னப் பிரசுரத்தில் போட்டார்கள். சிப்பாய்களுக்கு விநியோகிக்க ராணுவம் அதை வாங்கியது. நாடாளுமன்றத்தில் ராணுவக் குழுவின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ மே கொதித்தெழுந்தார். 1944இல் விநியோகம் நிறுத்தப்பட்டது. அவர் எந்த மாநிலத்துக்காரர் தெரியுமா? கென்டக்கி.

அதே 1917இல் இன்னொரு குழுவும் ராணுவத்துக்கு வேலை செய்தது. வால்டர் டில் ஸ்காட் என்பவருடைய குழு. அவர்கள் மூளையை அளக்கவில்லை. ஆளுக்கு ஒரு அட்டை போட்டு, உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டார்கள். தச்சன் என்று சொன்னால் தச்சு வேலை கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். டிரைவர் என்றால் ஓட்டச் சொன்னார்கள். கேட்பதற்கு இது நியாயமாகத்தான் இருக்கிறது. என் தாத்தாவிடம் கேட்கப்பட்டதைவிட ஒரு படி மேல். ஆனால் உனக்கு என்ன வேலை தெரியும் என்பதற்குள், உன்னை என்ன வேலை செய்ய விட்டார்கள் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. பருத்தி எடுக்க மட்டும் விடப்பட்டவனுக்குப் பருத்தி எடுக்கத்தான் தெரியும். மாடு தூக்க மட்டும் விடப்பட்டவனுக்கு?

*

அப்படியானால் பரிட்சையே வேண்டாமா? இங்கேதான் நான் நம் தோழர்கள் சிலரோடு முரண்படுகிறேன். பரிட்சை என்றாலே பார்ப்பனச் சூழ்ச்சி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பரிட்சையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் யார் வந்து உட்காருவான் என்று யோசிக்க வேண்டும். என் தாத்தாவைத் தலை நிமிராமல் கேட்ட அந்த ஆள்தான் வந்து உட்காருவான். காகிதத்துக்குக் கண் இல்லை, அவனுக்குக் கண் உண்டு. அந்தப் பையன் "அதுக்கு நம்ம சாதி தெரியாது இல்ல" என்று கேட்டதில் மூன்று தலைமுறை அனுபவம் இருக்கிறது. நேர்முகத்தில் அவமானப்பட்டவனுக்குத்தான் காகிதத்தின் அருமை தெரியும்.

சரி, பரிட்சையைத் தளர்த்தி எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டால்? அதையும் அமெரிக்கா செய்து பார்த்தது. 1966இல் ராணுவ அமைச்சர் மக்னமாரா 'புராஜெக்ட் ஒரு லட்சம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பரிட்சையில் தேறாத ஏழைப் பையன்களை எடுப்போம், நவீன முறையில் கற்றுக்கொடுப்போம், தொழில் தெரிந்தவர்களாக ஊருக்கு அனுப்புவோம் என்றார். 1971 வரை மூன்றரை லட்சம் பேர் அளவுக்கு எடுத்தார்கள். சுமார் 40 சதவீதம் பேர் கறுப்பர்கள். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். கற்றுக்கொடுப்போம் என்ற வாக்குறுதி பெரும்பாலோருக்குக் காற்றில் போனது. பலர் நேராகக் காலாட்படைக்குப் போனார்கள். தொழில் கற்க வந்தவனுக்குக் கிடைத்த தொழில், காட்டில் முன்னால் நடப்பது. கதவை மட்டும் திறந்து, உள்ளே படிக்கட்டு கட்டாமல் விட்டால் விழுந்து சாக வேண்டியதுதான்.

இன்று அமெரிக்கப் படைகள் எல்லாமே ஆஸ்வாப் என்ற ஒரே பரிட்சையை வைக்கின்றன. 1976 முதல் எல்லாப் படைகளுக்கும் அதுதான். படையில் சேரலாமா என்பதையும், சேர்ந்தால் எந்தெந்த வேலை கிடைக்கும் என்பதையும் அந்த மதிப்பெண்தான் தீர்மானிக்கிறது. அதில் மோட்டார் வண்டி, பட்டறை, மின்னணுக் கருவிகள் பற்றியெல்லாம் தனித்தனிப் பகுதிகள். வீட்டில் கார் இருந்து, அப்பனோடு சேர்ந்து அதைப் பிரித்து மாட்டியவன் பாக்கியவான். மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ள வருகிறவனிடம், மெக்கானிக் வேலை ஏற்கனவே தெரியுமா என்று கேட்கிற மாதிரிதான்.

இந்தப் பரிட்சையின் சரித்திரத்தில் ஒரு விபத்து நடந்தது. நமக்கு அது பெரிய பாடம். 1976 முதல் 1980 வரை மதிப்பெண் கணக்கிடும் அட்டவணையிலேயே பிழை. குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களுக்கெல்லாம் கூடுதலாக விழுந்துவிட்டது. பிழையைக் கண்டுபிடிப்பதற்குள், சரியாகக் கணக்குப் போட்டிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்க வேண்டிய 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். பிறகு அவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மற்றவர்களைவிடச் சராசரியில் கொஞ்சம் குறைவுதான். ஆனால் பெரும்பாலோர் பயிற்சியை முடித்தார்கள், வேலையைச் செய்தார்கள். படை குடைசாய்ந்துவிடவில்லை. பரிட்சை முழுப் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. 'இதற்குக் கீழே இருப்பவனால் முடியாது' என்று கிழிக்கப்படும் கோடு இருக்கிறதே, அது கடவுள் கிழித்ததல்ல என்று அர்த்தம்.

இன்னொன்று, அண்மைக் காலத்துச் செய்தி. அமெரிக்க ராணுவத்துக்கு மறுபடி ஆள் பஞ்சம் வந்தது. 2022 ஆகஸ்டில் தென் கரோலினாவில் ஒரு முன்பயிற்சி வகுப்பைத் தொடங்கினார்கள். பரிட்சையில் மதிப்பெண் பற்றாதவர்களைச் சேர்த்து, 90 நாள்வரை சோறு போட்டு, சம்பளம் கொடுத்து, கணக்கும் மொழியும் சொல்லிக்கொடுத்து, மறுபடி பரிட்சை எழுத வைத்தார்கள். பெரும்பாலோர் மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்டு படைப் பயிற்சிக்குப் போனார்கள். பிறவியிலேயே உள்ளது, மாறாதது என்று ஒரு காலத்தில் யெர்க்ஸ் சொன்ன மூளைத் திறன், 90 நாளில் ஏறிவிடுகிறது. ஆள் தேவைப்படும்போதுதான் இந்த ஞானம் பிறக்கிறது. 1917இல் மகர்களின் வீரம் பிறந்த மாதிரி.

*

நம் நாட்டுக்கு வருவோம். 2022இல் அக்னிபத் வந்தது. நான்கு வருஷம் வேலை, நூற்றுக்கு 25 பேருக்குத்தான் பிறகு நிரந்தரம். 2023 முதல் ராணுவத்துக்கு முதலில் கம்ப்யூட்டர் பரிட்சை, அதில் தேறியவனுக்குத்தான் ஓட்டமும் உடல் சோதனையும். முன்பு ஓடிவிட்டு எழுதினார்கள், இப்போது எழுதிவிட்டு ஓடுகிறார்கள். விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பழகிய நம் பையன்களுக்கு இதன் பொருள் புரியும். காலில் இருந்த பலத்தை முதலில் காட்ட வழியில்லை. 2025இல் பரிட்சையைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம் என்று ஆனது. அதற்கு முன் இந்தி, ஆங்கிலம். 'பொதுத் திறன்' என்று சொன்னது அதுவரை யாருடைய தாய்மொழியில் இருந்தது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெக்னிக்கல் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணக்கு, ஆங்கிலம். பொதுப் பணிக்குப் பத்தாம் வகுப்பு. டிரேட்ஸ்மேனில் துணி வெளுக்க, முடி வெட்ட, சமைக்கப் பத்தாவது. வீடு பெருக்க, மெஸ் பார்க்க எட்டாவது. ஹவுஸ் கீப்பர் என்ற பெயர் வருவதற்கு முன் அந்த வேலைக்கு 'சஃபாய்வாலா' என்று பெயர். சாதி கேட்டு யாரும் இதற்கு ஆள் எடுப்பதில்லை என்பார்கள். சட்டப்படி அது உண்மை. ஆனால் அறிவியல் பிரிவு இல்லாத மேல்நிலைப் பள்ளி எங்கே இருக்கிறது? கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளி எங்கே இருக்கிறது? பாதியில் படிப்பை விட்ட பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை? வடிகட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பரிட்சைக் கூடத்தில் இல்லை, அதற்குப் பத்து வருஷம் முன்னால் இருக்கிறது. பரிட்சைக்கு நம் சாதி தெரியாது, தம்பி. ஆனால் நம் பள்ளிக்கூடத்தை அதற்கு நன்றாகத் தெரியும்.

ராணுவத்தில் இடஒதுக்கீடு கிடையாது. தகுதி ஒன்றுதான் என்பார்கள். மற்ற இடங்களில் நாம் அரைகுறையாகவாவது வாங்கி வைத்திருக்கும் பாதுகாப்பு அங்கே இல்லை என்பதால்தான் இந்தக் கேள்வி அங்கே இன்னும் கூர்மையாகிறது.

என் முடிவைச் சொல்கிறேன். பரிட்சை இருக்கட்டும். ஆனால் அது கடைசி வார்த்தையாக இருக்கக் கூடாது, முதல் வார்த்தையாக இருக்கட்டும். ஒருவன் எதற்கு லாயக்கு என்று தீர்ப்பு எழுதுவதற்காக அல்ல, அவனுக்கு எதை முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக இருக்கட்டும். பீரங்கியின் கணக்கு தெரியாதவனிடம் பீரங்கியைக் கொடுக்கச் சொல்லவில்லை. கொடுத்தால் அவனும் சாவான், பக்கத்தில் இருப்பவனும் சாவான். கணக்கைச் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன். சேர்ந்த பிறகு மறுபடி எழுதவும், வேலை மாறவும் உரிமை வேண்டும். எட்டாவது படித்துவிட்டுப் பெருக்க வந்தவன் நான்கு வருஷம் பெருக்கிவிட்டு, பெருக்கத் தெரிந்தவனாக மட்டும் ஊர் திரும்பக் கூடாது. எந்த வேலையில் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்ற கணக்கை அரசு வெளியிட வேண்டும். அப்போதுதான் பரிட்சை என்ன செய்கிறது என்பது வெளிச்சத்துக்கு வரும். ஹொராஸ் மான் பாண்ட் கையில் அந்த எண்கள் கிடைத்ததால்தான் அவரால் பேச முடிந்தது.

பட்டாளங்கள் இதுவரை மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கின்றன. அப்பன் என்ன வேலை? உனக்கு என்ன வேலை தெரியும்? உனக்கு எவ்வளவு தெரியும்? நான்காவது கேள்வியைச் சாப்பர்ஸ் படை ஒரு மூலையில் அரைகுறையாகக் கேட்டது, அதனால் நம் ஆட்கள் உளி பிடித்தார்கள். என்ன கற்றுக்கொள்ள விரும்புகிறாய், எத்தனை நாள் வேண்டும்? இந்தக் கேள்வியைப் பட்டாளம் தானாகக் கேட்காது. ஆள் பஞ்சம் வந்தால் கேட்கும், இல்லையென்றால் நாம் கேட்க வைக்க வேண்டும்.

அந்தப் பையனிடம் பொதுப் பணிக்குப் போடச் சொன்னேன். அவன் அம்மா என்னைத் திட்டினாள்: "பெயிலாப் போனா நீயா சோறு போடுவே?" அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இப்போது மாலை வகுப்பில் எட்டு மணிக்கு மேல் அவனுக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் கணக்கு நடக்கிறது. நான் தமிழ் படித்தவன், கணக்குக்கு வேறு ஒரு தோழர் வருகிறார். சதவீதக் கணக்கில் இன்னும் தடுமாறுகிறார்கள். என் தாத்தாவின் டிஸ்சார்ஜ் காகிதம் அதே அறையில் அலமாரியில் இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கிறது: ஸ்வீப்பர்.